பாலம் பூக்கக் கூடாது

நவம்பர் முதல் வாரம். மண் இறுகுவதற்கு முன்னால்
ஆறு ஆப்பிள் மரங்களின் அடித்தண்டுக்குக்
கம்பிவலை சுற்றிவிட்டேன்.
ஏழாவதன் முன்னால் குந்தியபோது தொலைபேசி.
டுலூத்திலிருந்து அண்ணன் ரெய்னோ:
வீட்டை விற்றுவிடலாம், ஐலி.
தோட்டத்தோடு சேர்த்தே கேட்கிறார்கள்.
குறடைக் கிளையில் மாட்டிவிட்டுப் போனவள்
ஒரு மணி நேரம் சண்டை போட்டேன்.
திரும்புவதற்குள் இருட்டு.
இருட்டைத் தொடர்ந்து பனி.

ஐந்து மாதம் அதே வெள்ளை.
அதன் அடியில் நடப்பது
ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஏப்ரல் கடைசியில் பனி சுருங்கி விலகியபோது
புல்வெளி முழுக்க வளைந்து நெளிந்த பாதைகள்,
குழந்தை கிறுக்கிய நாட்டுப்படம் மாதிரி.
வயல் எலிகள்.
எலி வளையானாலும் தனி வளை என்பது பழைய கணக்கு.
இவை பனிக்கடியில் தெருவும் சந்தும் சந்தையும் வைத்துக்
குடித்தனம் நடத்தியிருந்தன.
சந்தை கூடிய இடம் ஏழாவது மரம்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரம்
சுற்றிலும் பட்டை இல்லை.
மென்று துப்பிய கரும்பின் நிறம்.
மேலே மொட்டுகள் ஒன்றுமறியாமல் பருத்திருந்தன,
போன வருடச் சேமிப்பைத் தின்றபடி.

எதிர்வீட்டு ஹால்வர் வந்து பார்த்தார்.
ரம்பம் வேண்டுமா என்றார்.
அன்பாகத்தான் கேட்டார்.

ஃபிரிட்ஜில், பாலுக்கும் ஊறுமீன் பாட்டிலுக்கும் நடுவே,
மார்ச்சில் கவாத்து செய்தபோது வெட்டிய குச்சிகள்
ஈரச் செய்தித்தாளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன.
எதை நினைத்து வைத்தேனோ.

பட்டை ஈரமாகி நழுவ மே பாதி ஆகும்.
அதுவரை மற்ற வேலைகள்:
புல்லில் படிந்த சாம்பல் பூஞ்சையை மெல்ல வாரினேன்.
சேறு காயும்வரை மிதிக்கவில்லை.
எலித்தெருக்களில் விதை தூவினேன்.
கறுப்புக் கரன்ட் புதரில் கிழட்டுத் தண்டுகளை
மண்ணோடு ஒட்ட வெட்டினேன்.
ரெய்னோவுக்குக் கடிதம் ஆரம்பித்தேன்.
'அன்புள்ள' வரை வந்தது.

பிறகொரு மேகமூட்டமான காலையில்
கத்தியோடு உட்கார்ந்தேன்.
ஐந்து குச்சிகள். இரு முனையும் ஆப்பாகச் சீவி
காயத்துக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாய்ப்
பட்டைக்குள் செருகி,
சின்ன ஆணி, மேலே மெழுகு.
தலைகீழாக வைத்தால் பிடிக்காது;
வேர்ப்பக்கம் எதுவென்று குச்சிக்குத் தெரியும்.
வில்லாய்க் கொஞ்சம் வளைந்தும் இருக்கவேண்டும்.
காற்றில் மரம் ஆடும்போது
விறைத்து நிற்பது பிடுங்கிக்கொள்ளும்.

ஜூன் இரண்டு. பூ உச்சத்தில்
வானொலி உறைபனி என்றது.
வீட்டிலிருந்த விரிப்பெல்லாம் மரங்களின் மேல்.
வெறும் மெத்தையில் கோட்டோடு படுத்தேன்.
விடிந்ததும் வேலியில் சாய்ந்து ஹால்வர்:
உன் தோட்டத்தில் ஏழு பேய், ஐலி,
ஒன்று ரோஜாப்பூ போட்டது.

மூன்று குச்சிகள் பிடித்தன. இரண்டு கறுத்தன.
பிடித்தவை சும்மா இருக்கவில்லை.
துளிர்த்தன. இலை விரித்தன.
பெருவிரலால் தேய்த்து உதிர்த்தேன்.
பாலம் பூக்கக் கூடாது.
தானும் ஒரு மரம் என்று நினைத்துவிட்டால்
மேலே போகவேண்டியது வழியிலேயே செலவாகும்.
கொடுமையான வேலை.
வாராவாரம் செய்தேன்.

செப்டம்பரில் மற்றவை கூடை கூடையாய்.
ஏழாவதில் ஒன்பது.
அதிலும் நான்கு புழு.
மீதி ஐந்தை டுலூத்துக்கு அனுப்பினேன்.
கடிதம் வைக்கவில்லை.
பெட்டியில் இடமில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இந்த நவம்பரில் முதலில் ஏழாவதுதான்.
மூன்று பாலத்தையும் அழுத்தாமல் வலையை அகலமாகச் சுற்றி
அடியை நாலு விரல் மண்ணுக்குள் புதைக்கிறேன்.
உள்ளே தொலைபேசி அடிக்கிறது.
யாராகவும் இருக்கலாம்.
குறடு கையில். இன்னும் மூன்று முறுக்கு பாக்கி.
அடிக்கட்டும்.
நின்றுவிடாமல் அடிக்கட்டும்.